அறுபத்து நான்கு சென்டிமீட்டர்

ஆர்க்கிட் இருக்கிறதா என்றார் வாங்க வந்தவர்.
இல்லை என்றேன்.
சிங்கத் தலை, மீன் வால்?
அதுவும் இல்லை.
பிறகு என்னதான் இருக்கிறது இந்தத் துணியில் என்று
விரிப்பைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார்.

டிஷ்யூ பொட்டலம் இருக்கிறது.
உணவங்காடியில் மதியம் பன்னிரண்டரைக்கு
ஆளில்லாத நாற்காலி முன்னால்
ஒரு ராஜ்ஜியத்தைக் காவல் காக்கும் பொட்டலம்.
அதைத்தான் வரைந்தேன் நீலத்தில்,
ஒன்று நேராக, ஒன்று சாய்வாக,
ஒன்றை மட்டும் மைனா கொத்துவதாக.
அவர் சிரித்தார். வாங்கவில்லை.

ஊபி தொழிற்பேட்டை, ஐந்தாம் மாடி.
கீழே டயர் மாற்றுகிறார்கள்,
எதிர்க் கதவில் சம்பால் அரைக்கிறார்கள்.
நடுவில் எங்கள் பன்னிரண்டு மீட்டர் மேசை.
சட்டத்தின் ஒரு முனையை ரோஸ்லான் பிடிக்க
மறுமுனை எனக்கு.
ரப்பர் பட்டையால் சாயத்தை இழுக்கும்போது பேச்சில்லை;
இழுத்து முடித்ததும்
இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவோம்.
முதல் சலவை வரை
துணியில் மிளகாய் வாசம் இருக்கும்.
விலைச்சீட்டில் அதை எழுதுவதில்லை.

ஒரு கோலத்துக்கு என் சட்டத்தில்
அறுபத்து நான்கு சென்டிமீட்டர்தான் ஆயுள்.
அதற்குள் மழை பெய்து ஓய வேண்டும்,
தூங்குமூஞ்சி மரம் இலை மூட வேண்டும்,
பக்கத்து வீட்டுக்காரர் செருப்பைக் கழற்ற வேண்டும்.
பிறகு மறுபடியும் மழை.
வலது விளிம்பில் அறுபட்ட இலை
இடது விளிம்பில் தன் மீதியைச் சேர வேண்டும்,
சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது.
பதினோரு வருடமாக
நான் ஒளித்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

எங்கிருந்து எடுக்கிறாய் என்று கேட்பார்கள்.
பேருந்துத் தரையில் நனைந்த குடை விட்டுப்போன வட்டம்.
வீவக வீட்டு இரும்புக் கதவு,
காலையில் சுவரில் போடும் நிழல்.
காப்பிப் பையின் சிவப்புக் கயிறு.
கயிறுகூட இல்லை,
லிஃப்ட் வரும்வரை அது விரலில் பதித்த கோடு.

இன்னொன்றை யாரிடமும் சொன்னதில்லை.
மருத்துவமனையில் அப்பாவின் கட்டிலைச் சுற்றி ஒரு திரை,
வெளிறிய பச்சைச் சதுரங்கள்.
நாலு நாள் எண்ணினேன்.
நாலாம் நாள் விடியற்காலை அகப்பட்டது:
ஒரு சதுரம் குறைகிறது.
யாரோ எங்கோ அவசரத்தில் சட்டம் வைத்திருக்கிறார்.
அந்த முகம் தெரியாத ஆளுக்கு
நான் நன்றி சொன்னேன்,
பிழை இல்லாதிருந்தால் அந்த நாலு நாளும்
எதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்?

பிப்ரவரியில் எங்கள் சட்டமும் நகர்ந்தது.
அரை விரல்தான்.
நாற்பது மீட்டர் போன பிறகுதான் கவனித்தோம்.
மைனாவின் மஞ்சள் அலகு
மைனாவை விட்டு விலகிக் காற்றில் நின்றது.
அலாமாக், என்றான் ரோஸ்லான்,
தலையில் கை வைத்தான், கையில் மஞ்சள்.
பாதி விலைக்குப் போட்டோம். ஒரே வாரத்தில் தீர்ந்தது.

நேற்று தோ பாயோவில்
பல் மருத்துவரிடம் போய்விட்டு வரும் வழி,
கன்னம் மரத்திருந்தது.
மூன்றாம் மாடி மூங்கில் கழியில்
பள்ளிச் சீருடைக்கும் ஒரு சாரோங்குக்கும் நடுவே
என் துணி.
சன்னல் திரையாகத் தைத்திருக்கிறார்கள்.
என் கணக்கெல்லாம் வெட்டியவருக்கு எதற்கு?
பொட்டலத்தின் நட்டநடுவே கத்தரி ஓடியிருக்கிறது,
ஓரத்தில் சிவப்பு நூல்,
நீலத்துக்குச் சற்றும் பொருந்தாத சிவப்பு,
நான் துணியாத சிவப்பு.
அண்ணாந்து எண்ணினேன்:
மூன்றரை மைனா,
எல்லாம் சன்னலைப் பார்த்தபடி.

தூறல் விழுந்தது.
வளையல் போட்ட ஒரு கை நீண்டு
கழியை உள்ளே இழுத்தது.
சீருடை போயிற்று.
பிறகு அலகுகள் வீட்டுக்குள் போயின,
அரை விரல் பின்னால்
பறவைகள்.