எருக்குக்குப் பதில்

கல்யாணப் பத்திரிகை வெட்டியபின் மிஞ்சும் ஓரங்கள்
மின்ட் தெரு அச்சகத்தில் கிலோ இருபது ரூபாய்.
சீட்டுக்கட்டுச் சீட்டில் பாதியாய் நறுக்கி
நைட் ஷிஃப்ட் முடித்த கையால் வரைகிறேன்:
பொய்ச்சாட்சி சொல்லிப் பூசையிழந்த தாழை,
வேதாளம் இறங்க மறுக்கும் முருங்கை
(அதன் காலில் ரப்பர் செருப்பு, என் குறும்பு).

ஞாயிறு மாலை, கொருக்குப்பேட்டை நடைமேம்பாலம்.
காசு கிடையாது, ஒன்றுக்கு ஒன்று.
ஐஸ் கம்பெனி பிலோமினா
புளியமரத்தோடு வருவாள்.
ஈரத்தில் பேயின் கூந்தல் கொஞ்சம் கரைந்திருக்கும்.
அதுவும் நன்றாய்த்தான் இருக்கும்.
ஒரு முருங்கைக்கு இரண்டு புளி கேட்டால் மட்டும்
சண்டை.

கிரேன் ஓட்டும் ஏகாம்பரம்
இரண்டு மனைவியரைப் புதைத்தவர்,
எருக்கைத்தான் எடுத்தார்.
மூன்றாம் தாலியை எருக்குக்குக் கட்டினால்
கெடுதல் செடியோடு போகுமாம்,
வருகிறவள் நாலாவதாய்ப் பிழைப்பாளாம்.
என் எருக்கின் கழுத்தில்
மஞ்சள் கயிறு, ஒரு மயிர் அகலம்.

"யாருண்ணே அந்த நாலாவது?"
அவர் சிரிக்கவில்லை.
"செடியாண்ட யாருனா கேட்டாங்களா,
அதுக்கு இஷ்டமான்னு?"

சட்டைப்பையிலிருந்து அவருடைய பதில் சீட்டு:
எண்ணூர்ச் சாம்பல் மேட்டில் முளைத்த உமரி,
சிவப்பு பால்பாயிண்டில்.
பின்பக்கம், கதை எழுதும் இடம், வெறுமை.
"இதப் பத்தி யாரும் ஒண்ணும் சொன்னதில்லம்மா."
கும்மிடிப்பூண்டி வண்டி அடியில் போக
பாலம் ஆடியது.

அன்றிரவு இன்னொரு எருக்கு வரைந்தேன்,
கயிறு இல்லாமல்.

உமரிக்கு மூன்று புளி தருகிறேன் என்கிறாள் பிலோமினா.
பின்பக்கம் இன்னும் காலிதான்.
தர மாட்டேன்.