திரும்பி வரும் தண்ணி

விடிய முதல் ரயில் தெஹிவளைப் பக்கம் போகும்போது
குசினி சிங்கில் தேங்கி நிற்கிற தண்ணி
ஒரு வட்டம் போட்டுக் காட்டுகிறது.
நான் இன்னும் ஒரு கோப்பையும் கழுவவில்லை.
ஆனாலும் இரவு விட்டதைவிட
இரண்டு விரல் கூட.

மிதப்பது கறிவேப்பிலை.
என் சட்டியில் நாலு நாளாய்த் தாளிதம் இல்லை.
அப்ப மேல்வீடுதான்
என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்,
சாட்சி கேட்காமல்.

சிங்குக்கு அடியில் ஒரு மெஷின் தொங்குகிறது.
வீட்டுக்காரர் மெல்பேர்னில் இருந்து கொண்டுவந்து பூட்டினது.
மிச்சம் மீதியை அரைத்து அனுப்புமாம்.
எங்கே அனுப்பும் என்று அவர் சொல்லவில்லை.
சுவிட்சைப் போட்டால் ‘உம்’ என்கிறது,
பந்தியில் கோபித்த மாப்பிள்ளை மாதிரி.
அசையவில்லை.

போயா. வெள்ளவத்தையில் இரும்புக் கடை ஒன்றும் திறக்காது.
பியதிலக பாஸ் போனை எடுத்து
“நாளைக்கு, மிஸ்” என்றார்.
அவருக்குப் பின்னால் பன்சலை மணி.

டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பழைய பேப்பர் விரித்துப் படுத்தேன்.
மெஷினின் வயிற்றில் சிவப்புப் பொத்தான்: அமத்தினேன்.
கட்டில் பூட்டின ஆறுமூலைச் சாவியை அடியில் கொடுத்து
இடம் வலம் இடம்.
ஒரு தேக்கரண்டி வந்தது,
யாரோ மென்று துப்பினது போல.

மெஷின் ஓடியது.
தண்ணி ஓடவில்லை.
இடது தொட்டியில் அமுக்கினது
வலது தொட்டியில் எழும்பிச் சிரித்தது.

சண்டை வசனத்தைப் படியில் பாடமாக்கிக்கொண்டு
நாலாம் மாடிக்கு ஏறினேன்.
கதவைத் திறந்தவ ரிஃபாயா.
மூன்று வருசமாய் லிப்டில்
செருப்பைப் பார்த்தே பழகின ஆள்.
அவட சிங்க் காய்ந்து கிடந்தது.
தட்டில் தேங்காய்ப் பால்மா பக்கெட்டுகள்
அடுக்கி, வரிசையாய்.

நான் இரண்டு சொல்லுக்கு மேல் போகவில்லை.
“அல்லாஹ், எங்கட தண்ணியா உங்களுக்கு வருது?”
உள்ளே திரும்பிச் சத்தம் போட்டா:
“ஒருத்தரும் பைப்பைத் திறக்க வாணாம்!”
றப்பர் பம்பை என் கையில் தந்தா.

வலது தொட்டி வாயை ஈரத் துவாயால் அடைத்து
இடதில் அமுக்கினேன், இழுத்தேன்,
கை மூட்டு கழன்றுபோகிற மட்டும்.
கொஞ்சம் கறுப்பு வந்தது. அவ்வளவுதான்.

அன்றிரவு சுவருக்குள் இறங்கும் குழாய்
சத்தமில்லாமல் கிடந்தது.
மேலே ஏழு பேர்.
ஏழு பேரும் சாப்பிட்ட கோப்பைகள்
எனக்காக நாறிக்கொண்டிருக்கும் என்று
நித்திரை வராமல் எண்ணினேன்.

மறுநாள் பாஸ் என் சிங்குக்குக் கீழே, முழங்கை வளைவில்
கம்பியை விட்டுச் சுழற்றினார்.
வந்தது வெள்ளை. முழ நீளம்.
கயிறாய் முறுகின தேங்காய்ச் சக்கை.
“பொல், மிஸ்” என்றார்,
யாருடையது என்று கேட்காமல்
என்னைப் பார்த்தபடி.

நான் ஒவ்வொரு ஞாயிறும்
பால் பிழிந்த சக்கையை மெஷினுக்குள் தள்ளி
அது அரைக்கிற சத்தத்தை ரசித்து நின்றது
எனக்கு மட்டும்தான் தெரியும்.

பம்பை வாங்க வந்து நின்ற ரிஃபாயா
“தேங்கா எல்லா வீட்டிலயும்தானே” என்றா.

தண்ணி ‘களக்’ என்று இறங்கியது.
என் கோப்பைகள் இரண்டு நாளாய் நிற்கின்றன.
நான் குழாயைத் திறக்கவில்லை.
“முதல்ல நீங்க போய்க் கழுவுங்கோ” என்றேன்.

இப்ப கேட்கிறது,
சுவருக்குள்ளால்,
ஏழு பேருடைய சோறு
என்னைக் கடந்து போகிற சத்தம்.