கட்டம் பதினொன்று

ஒன்றிய அலுவலகத்தின் மாடி அறையில்
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் ஓடியது.
அதனடியில் மேசை, மேசைமேல் வரைபடம்.
நாலு மூலையிலும் டீ கிளாஸ் வைத்து
பறக்காமல் பிடித்திருந்தோம்
பல்லடம் வட்டாரத்தை.

மறதிநோய் உள்ளோர்: நூற்றுப் பன்னிரண்டு.
எண்ணினது நான்தான், ஸ்கூட்டியில் போய்.
"வயசானா அப்படித்தானுங் சிஸ்டர்" என்று
கேட்டோடு அனுப்பிய வீடுகளை
எண்ணவில்லை.
ஆளுக்கொரு சிவப்புப் பொட்டு.
அலுவலகம் கொடுத்த அட்டை தீர்ந்துபோக
கடைசி ஏழு பேருக்கு
என் கைப்பையிலிருந்த
நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டினேன்.

பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்று.
இருபது பேருக்கு இடம். எங்கே?

பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றார் பி.டி.ஓ.
ஆஸ்பத்திரி வளாகம் என்றார் டாக்டர் நிவேதா.
காரணம்பேட்டைக்கு அக்கட்டால
ஒரு பால்வாடி பூட்டிக் கிடக்குதுங்க என்றேன்.
"அங்க ரெண்டு பக்கமும் தறிக்குடோன்.
பேசறதே காதுல விழாதும்மா."
வழிகாட்டு நெறிகள், பக்கம் பத்தொன்பது:
அமைதியான சூழல் அவசியம்.
விரலை வைத்துக் காட்டினார்கள்.

அவர்களுக்குக் கிட்டுச்சாமியைத் தெரியாது.
முப்பத்தெட்டு வருஷம் தறி பிட்டர்.
மகள் பேர் போயிற்று.
சாப்பிட்டது போயிற்று.
கக்கூஸ் எந்தப் பக்கம் என்பது
போன மாசம் போயிற்று.
தறி ஓடுகிறவரை தூங்குவார்.
நடுராத்திரி கரண்ட் போனால்
சத்தமின்மை அவரைத் தட்டி எழுப்பும்.
சட்டையில்லாமல் கிளம்பிவிடுவார்,
எங்கேயோ எதுவோ நின்றுவிட்டது,
போய் ஓட்டிவிட வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை
பி.ஏ.பி. வாய்க்கால் மேட்டில் நின்றிருந்தார்.
கூட்டி வந்தவன் ஒடிசாப் பையன் பிகாஷ்,
சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து,
தன் துண்டை அவர் தோளில் போட்டு.
அந்த ஷிப்டுக்கு அவனுக்கு அரைக்கூலி.
இரண்டு பேருக்கும் பொதுவாய் மூன்றே சொல்:
பாவு, ஊடை, டீ.

தெய்வாத்தாள் தார் மிஷினை விட்டு எழாமலே
எனக்குப் பதில் சொன்னாள்.
"நாள் பூரா வேண்டாமுங்க.
காலம்பற ஒரு மணி நேரம்
ஆராச்சும் பாத்துக்கிட்டா
தலைக்குத் தண்ணி ஊத்திக்குவனுங்.
பதினாறு நாளாச்சு."

படிவத்தில் பத்துக் கட்டம்.
பெயர், வயது, ஆதார், சர்க்கரை, கொதிப்பு
என்று போய் முகவரியில் முடிகிறது.
தலைக்குத் தண்ணி ஊத்துவதற்குக் கட்டமில்லை.
பிகாஷுக்கும் இல்லை.
ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுப்
பதினொன்று என்று எழுதி நிரப்பினேன்.
ஸ்கேன் எடுத்த தம்பி
ஓரத்தை நறுக்கிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறான்,
பார்க்க நீட்டாக இருக்கட்டுமென்று.

மூன்றே கால் இருக்கும், கரண்ட் போனது.
மின்விசிறி இன்னும் நாலு சுற்றுச் சுற்றி நின்றது.
ஜன்னலுக்கு வெளியே தறிச்சத்தமும் நின்றது.
அதுவரை அது கேட்டுக்கொண்டிருந்தது என்பதே
அப்போதுதான் தெரிந்தது.
ஒன்பது பேரும் தலை நிமிர்ந்தோம்.
டாக்டர் எதற்கோ எழுந்து
எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்தார்.

"என்ன பேசிட்டிருந்தோம்?" என்றார் பி.டி.ஓ.

யாரும் சொல்லவில்லை.
நான் வராந்தாவுக்கு வந்து
பிகாஷ் நம்பரை அழுத்தினேன்.
மூன்றாம் மணியில் எடுத்தான்.
பின்னால் கிட்டுச்சாமி யாரையோ அதட்டுகிறார்,
கிளாஸ் ஒன்று உருளுகிறது.
"இங்கே அக்கா," என்றான். "டீ."

திரும்பி உள்ளே போனபோது
எழுதி முடித்திருந்தார்கள்:
தீர்மானம் நான்கு. இடத் தேர்வு
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.
கையெழுத்துப் போடும் முன்
கீழே கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.
இரண்டு விரல் அகலம் இருந்தது.