பதினொரு நொடி

பயிற்சிப் பட்டறையின் மூன்றாம் நாள்
ஆளுக்கொரு கதை எடுத்துவரச் சொன்னார்கள்.
மூன்று நிமிடம். ஒரு நொடி கூடினாலும்
திரையிடலில் இடமில்லை.

திருவாரூரிலிருந்து டவுன் பஸ்.
மடியில் கேமராவோடு நான்,
காதில் ஹெட்போனோடு நிலோஃபர்.
கொரடாச்சேரி தாண்டி
நெல் கொள்முதல் நிலையத்து வாசலில்
கதை ஏற்கெனவே குவிந்து கிடந்தது.
தை மாதம் பெய்யக் கூடாத மழை,
தார்ப்பாய் போதாமல்
புடவை போர்த்திய நெல்,
மீட்டரில் ஈரம் இருபத்திரண்டு.
பதினேழுக்கு இறங்கினால்தான் எடுப்பார்களாம்.
ஆறு நாளாகக் குவியலுக்குக் காவல்
தையல்நாயகி.

"சோகம் கிடைச்சிருச்சு" என்றேன்
நிலோஃபரின் காதில்.
கிடைச்சிருச்சு என்றேதான் சொன்னேன்,
பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்ததைப் போல.

அவர் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடந்தார்.
பின்னால் வரிவரியாகக் கோடு விழுந்தது.
பாதத்தை எடுத்தேன்.
விரலிடுக்கில் ஒட்டிய, முளைவிட்ட ஒரு நெல்லை
மூச்சைப் பிடித்து அருகில் போய் எடுத்தேன்.
குழந்தையின் முதல் பல் போல வெள்ளை.

அப்போதுதான் நிலோஃபர்
மயிரடர்ந்த மைக்கை அவர் முகத்தருகே நீட்டினாள்.
தையல்நாயகி ஓரடி பின்வாங்கி,
"யாத்தாடி, கீரிப்புள்ளையா இது?
கடிக்குமா?" என்று கேட்டுவிட்டுச்
சிரிக்கத் தொடங்கினார்.
மூட்டை தூக்கிவந்த கலியபெருமாள்
மூட்டையோடு நின்று சிரித்தார்.
தராசுக்காரர் சிரித்தார்.
கேமரா குலுங்கியது.

ஆய்வகத்து ஏசிக் குளிரில்
அந்தப் பதினொரு நொடியை நான்தான் வெட்டினேன்.
பயிற்சியாளர் சொல்லியிருந்தார்,
படத்தின் மனநிலையை விட்டு வெளியே போகாதே என்று.
அவர் சொல்லாவிட்டாலும் வெட்டியிருப்பேன்.
ஒரு விசைதான். சத்தமே வரவில்லை.

சனிக்கிழமை மாலை கருத்தரங்க அறை.
ஒரு திரைச்சீலை சரியாக மூடாமல்
வெயில் ஒரு கோடாய்த் திரைமேல் விழுந்தது.
படத்தில் இருந்தவர்களையும் அழைத்திருந்தோம்.
குட்டியானையில் ஒன்பது பேர் வந்து
கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.
விளக்கு போட்டதும்
முன்வரிசை கேட்டது:
"அந்தச் சாம்பல் ஒளி திட்டமிட்டதா?"
மேகம் என்றேன்.
எளிமை என்று கைதட்டினார்கள்.

பிறகு பின்னாலிருந்து,
மைக் வாங்காமலே:

"ஏம்மா, நான் சிரிச்சனே, அது எங்க போச்சு?
நெல்லு நனைஞ்சத காட்டுன, சரி.
அதுக்காக என் மூஞ்சி எந்நேரமும் இப்படியா?
எங்க வீட்டுக்காரர் பாத்தா
நான் செத்துட்டன்னு நெனச்சிருவாரு."

அறை சிரித்தது.
நான் வெட்டியது இருந்திருந்தால்
அங்கேதான் சிரித்திருக்கும்.
நேரம் போதவில்லை என்றேன்.
"எங்களுக்கு ஆறு நாள் போதல" என்றார்,
கோபமில்லாமல்,
பஜ்ஜியின் எண்ணெயை
என் படத்தின் அறிமுகத் தாளில் துடைத்தபடி.

விடுதி கதவு மூடும் நேரம் தாண்டியும்
ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தோம்.
சிரிப்பை எங்கே வைப்பது?
முளைக்கு முன்னால் வைத்தால்
முளை விளையாட்டாகத் தெரிந்தது.
பின்னால் வைத்தால்
அழுகையை மறைக்கச் சிரித்தார் என்று
யாராவது எழுதிவிடுவார்கள்.
கடைசியில் எங்கே நடந்ததோ அங்கேயே வைத்தேன்,
கேமரா குலுங்கியதோடு.
மூன்று நிமிடம் பதினொரு நொடி.
இனி எந்தப் போட்டிக்கும் போகாது.

வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன்.
நீல டிக் வர இரண்டு நாள் ஆயிற்று.
பதிலுக்கு ஒரு குரல் செய்தி;
பின்னணியில் நெல் சரியும் ஓசை.
நிலோஃபர் ஹெட்போன் மாட்டிக் கேட்டு
அந்த ஓசையைத் தனியே சேமித்துக்கொண்டாள்.

"பாத்தன். இப்பத்தான் நான் மாதிரி இருக்கு.
பத்தொம்போதுக்கு வந்துருச்சும்மா,
நாளைக்கு வெயிலடிச்சா எடுத்துக்குவான்.
ஆமா, அந்தக் கீரிப்புள்ளைக்கு
சோறு கீறு போடுறீங்களா?"