அரை நிமிச வேலை

ஈரோட்டில் எனக்கு உத்தியோகம்
மஞ்சளுக்கு மார்க் போடுவது.
குர்குமின் எத்தனை சதவீதம், ஈரம் எத்தனை,
சாயம் ஏற்றியிருக்கிறார்களா.
பதினெட்டு வருசமாய் என் நகக்கண் வெளுத்ததில்லை.

கண்ணாடித் தட்டில் அவள் கெட்டிக்காரி.
மூளையில் படிகிற புரதக் கசடை
நூல் நூலாய்ப் பிரித்துப் போடுகிறாள்.
விழுங்கினால்தான் சங்கடம்.
குடலோடு பாதி போய்விடுகிறாள்,
மீதியை ஈரல் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.
மண்டை வரைக்கும் ஏறியது எத்தனை துளி
என்று எவருக்கும் உறுதியில்லை.

அதற்குத்தான் கோயமுத்தூரில் சோதனை.
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பாதிப் பேருக்குச் சாறு, பாதிப் பேருக்குச் சாயமிட்ட மாவு.
எவருக்கு எதுவென்று
கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது.
இருபத்து மூன்றாம் எண், என் வீட்டுக்காரர்,
மஞ்சள் மண்டி சென்னியப்பன்.

சமையலறையில் சுண்ணாம்பு இருக்கிறது.
குளிகையை உடைத்து ஒரு சிட்டிகை குழைத்தால்
மஞ்சளென்றால் ரத்தமாய்ச் சிவக்கும்,
மாவென்றால் சும்மா கிடக்கும்.
அரை நிமிச வேலை.
ஆறு மாசமாய் அந்த அரை நிமிசத்தோடு
ஒரே வீட்டில் குடியிருக்கிறேன்.

பல்லடத்து நாத்தனார் வாட்ஸப்பில் அனுப்புகிறாள்:
வல்லாரை, அமுக்கரா, விடிகாலையில் தேனோடு.
கும்பிடும் கை ஒன்றைப் பதிலுக்குப் போடுகிறேன்.

நேற்று ராத்திரி
தண்ணீர் டம்ளரோடு திரும்பினால்,
குளிகையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டியிருந்தார்.
பெருவிரலால் தேய்த்தார். முகர்ந்தார்.
ட்யூப்லைட்டுக்கு நேரே கையைச் சாய்த்தார்,
ஏலக் கொட்டகையில் முப்பது வருசம் சாய்த்த
அதே சாய்ப்பு.

"ஏனுங் அம்மிணி, எந்தூருச் சரக்குங்க இது?
மஞ்சளே இல்லீங்களே!
மூட்டையத் திருப்பி ஏத்தச் சொல்லீருங்க."

என் பேர் அவரிடம் இல்லை.
மகள் பேர் தை மாசமே போயிற்று.
இந்தக் கையை மட்டும் நம்புவதா?
போன வாரம் இதே கை
துவரம்பருப்பை அள்ளி
பெருந்துறை விரலி, முதல் தரம் என்றது.

சுண்ணாம்பு டப்பாவைத் திறக்கவில்லை.
ஈரத்துணியால் உள்ளங்கையைத் துடைத்தேன்.
ஒரு ரேகை மட்டும் மஞ்சளாய் நின்றது.
சாயமும் அப்படித்தான் நிற்கும்.

சோதனை நோட்டில் எழுதினேன்:
இருபத்து மூன்று. ராத்திரி வேளை. சிந்திவிட்டது.
அவர் சொன்னதை எழுதவில்லை.

"உடுங்க அம்மிணி,
நாளைக்கு வேற லோடு வருமுங்க"
என்று தேற்றினார்,
மூட்டை விலைபோகாமல் நிற்கிற
காட்டுக்காரியிடம் சொல்வதுபோல.