ரசமட்டம்

கோலியை எங்கே வைத்தாலும்
அப்பாவின் நாற்காலிக்குத்தான் போகும்.
அடுப்படியிலிருந்து விட்டால் நேராக.
வாசலிலிருந்து விட்டால்
கம்பளக் கிழிசலில் கொஞ்சம் தயங்கிவிட்டு.
எல்லா வீட்டுத் தரையும் இப்படித்தான் என்று
ஏழு வயதுவரை நம்பியிருந்தேன்.

செஷையரில் ஓர் உப்பூர்.
ஊருக்கு அடியில் உப்பு, உப்புக்குள் தண்ணீர்.
குழாய் இறக்கி அதை உறிஞ்சி,
வீட்டளவு இரும்புத் தட்டில் காய்ச்சி,
செங்கல்போல் அடித்துப் படகில் ஏற்றுவார்கள்.
உறிஞ்ச உறிஞ்ச ஊர் இறங்கும்.
இதில் ரகசியம் ஒன்றுமில்லை.
தபால் நிலையத்தின் சன்னலுக்குள்
நடைபாதையிலிருந்தே கால் வைக்கலாம்.
ஹெஸ்கெத் வீட்டுக் கோழிக்கூடு
ஒரு ஞாயிறு, அவர்கள் தேவாலயம் போய்த் திரும்புவதற்குள்
குளமாகியிருந்தது.
ஆல்மா ஹெஸ்கெத் அழவில்லை.
"சேவல் மட்டும் மிதக்குது,
பாக்கறதுக்கு அரைப் பென்னி" என்றாள்.
கடன் சொல்லிவிட்டுப் பார்த்தேன்.

அப்பா உப்புக் காய்ச்சினார்.
இடுப்பில் ஒரு துணி, காலில் மரக்கட்டைச் செருப்பு,
பன்னிரண்டு மணி நேரம் ஆவிக்குள்.
வீட்டுக்கு வரும்போது புருவம் வெளுத்திருக்கும்.
கைவெடிப்புகளில் அம்மா பன்றிக்கொழுப்பு தடவுகையில்
உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.
பேச்சு அவருக்கு வராது.
கோலி வந்து செருப்பில் இடிக்கும்.
குனிந்து பார்க்காமலே துழாவி எடுத்து
கையை நீட்டுவார். வாங்கிக்கொள்வேன்.
மறுபடி விடுவேன்.
படுக்கப்போகும்வரை இப்படியே.

மேசையின் ஒரு காலுக்கு அடியில்
மடித்த சம்பள உறைகள்.
வீடு சாயச்சாய ஒன்று கூடும்.
அம்மாவின் நாள்காட்டி அதுதான்:
"நீ பொறந்தப்போ நாலு.
கிளிஃபோர்டுக்குக் கக்குவான் வந்தப்போ ஒன்பது."

கம்பெனியிலிருந்து ப்ளெவின் வந்தார்,
ரசமட்டத்தைத் தரையில் வைத்தார்.
குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.
நாக்கைச் சப்புக்கொட்டி எதையோ எழுதினார்.
எங்கள் ஊர் வீடுகளுக்கு மரச்சட்டம்தான் எலும்பு,
பெட்டியைப்போலத் தூக்கிவிடலாம்.
செவ்வாய்க்கிழமை எட்டு ஜாக்கிகளோடு ஆட்கள்.
"வெளிய போகணுமா?" என்றாள் அம்மா.
"வேணாம்மா, டீ சிந்தாது."
சிந்தியது.
உருளைக்கிழங்கை மென்றபடி
நாங்கள் அங்குலம் அங்குலமாக உயர்ந்தோம்.
சுவருக்குள் ஏதோ முனகியது.
வெளியே ஆல்மா
யாரிடமோ அரைப் பென்னி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலையில் மேசை எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றது.
அம்மா உறைகளை உருவினாள். பதினாலு.
ஒவ்வொன்றையும் பிரித்து உள்ளே பார்த்தாள்,
ஏதாவது மிச்சம் இருக்குமோ என்பதுபோல.
தூக்கிய கூலிக்கு
வாரம் எட்டுப் பென்ஸ் பிடித்தம் என்று
ப்ளெவின் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்பா வந்தார், உட்கார்ந்தார்.
நான் கோலியை விட்டேன்.
அரையடி உருண்டு நின்றுவிட்டது.
காற்றுகூட அதை அசைக்கவில்லை.
நாற்காலிக்கு வெளியே அவர் கை
உள்ளங்கை விரிந்தபடி
தொங்கிக்கொண்டிருந்தது, வெகுநேரம்.

எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.
அது எங்கள் வழக்கமில்லை.

இரவு தரையில் காதை வைத்துப் படுத்தேன்.
ஆழத்தில் பம்பு துடித்துக்கொண்டிருந்தது,
எங்களுக்கு நேர் கீழே.
உறிஞ்சு என்றேன் அதனிடம்.
இன்னும் கொஞ்சம் உறிஞ்சு.