புளித்த சேறு

சேறு அள்ள நான் போனபோது
தங்கேஸ்வரன் கேட்டது ஒன்றுதான்:
"இத வச்சி என்ன செய்யப்போறீங்க?"

வவுணதீவுக்கு அப்பால், வாவியோரம்
கண்ணா வெட்டி அவர் தோண்டிய இறால் குளம்.
முதல் மழைக்கு அணைக்கட்டு மஞ்சள் பூத்தது.
இரண்டாம் மழைக்குத் தண்ணீர் புளித்தது.
ஓடு மெலிந்து, செவுளில் துரு ஏறி
ஒரு விடியலில் கரையெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தன.
நாற்பது மூட்டை சுண்ணாம்பு கொட்டினாராம்.
அந்தக் குளத்தைத் தேடி
வங்கிக்காரன் மட்டும் இன்னும் வருகிறான்.

கொன்றது யாரென்று அவருக்கு நான் சொல்லவில்லை.
ஐஸ்கிரீம் டப்பா நிறையச் சேற்றோடு
ஸ்கூட்டியில் வந்தாறுமூலைக்குத் திரும்பினேன்.

காத்தான்குடி ஜுனைதீன்
போன் கடை போன் கடையாய்ப் பொறுக்கி வருவார்
பற்றரிகளை, கிலோக் கணக்கில்.
பொரித்த அப்பளம்போல் வீங்கியவை பாதி.
ஒன்றின் முதுகில் பேனாவால்
"றிஸ்லா, டிஸ்பிளேயும் மாத்த" என்றிருந்தது.
உப்புத் தண்ணியில் ஊறவைத்து
மிச்ச மின்சாரத்தையும் சாகவிட்டு
பிரித்து, சுரண்டி, அரைத்தால்
கண்மை மாதிரி ஒரு கறுப்பு.
முகமூடிக்குள்ளும் மூக்கைத் தேடி வரும்.

சேற்றிலிருந்து எடுத்தவைக்கு நான் வைக்கும் சாப்பாடு
இரும்பு உப்பு, கொஞ்சம் கந்தகம், காற்று.
வெளிர்பச்சைத் தண்ணி நாலு நாளில்
தேயிலைச் சாயமாகும்.
உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதல் தடவை ஆசைப்பட்டு
நூற்றுக்கு ஐந்து போட்டேன் கறுப்பை.
செத்துப்போனார்கள்.
ஒரு குளத்தை இரண்டு மழையில் முடித்தவர்கள்
ஒரு கரண்டிப் பொடிக்குத் தாங்கவில்லை.
சத்தியமாய் எனக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு வயிறு எரிந்தது.

பிறகு நூற்றுக்கு அரை.
தப்பியவர்களை எடுத்து முக்கால்.
அதிலும் தப்பியவர்களை எடுத்து ஒன்று.
ஐப்பசியில் தொடங்கினது, மாசியாகிவிட்டது.

கரண்ட் போன ஓர் இரவில் ஷேக்கர் நின்றது.
காவலாளி டோர்ச் பிடிக்க
பன்னிரண்டு குடுவைகளையும்
இரண்டிரண்டாய்க் கையால் குலுக்கினேன் விடியும்வரை.
"பிள்ளைகளா மிஸ்?" என்றான்.
கடன்காரர் என்றேன்.

கோபால்ட்டை அவர்கள் தின்பதில்லை.
பலருக்கும் விளங்காத இடம் இது.
இரும்பில் வயிறு வளர்க்கிறார்கள்,
கந்தகத்தைத் தின்று அமிலம் கழிக்கிறார்கள்.
அந்தக் கழிவில்தான் உலோகம் கரைகிறது.
குளத்திலும் அதைத்தான் செய்தார்கள்.

இரும்பைப் பிரித்து வடித்தபின்
மாசிக் கடைசி வெள்ளி, குடுவைக்குள் ரோசா நிறம்.
சர்பத்தில் நாலு மடங்கு தண்ணி விட்டமாதிரி.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் ஜுனைதீன்.
"இது எத்தன ரூவா மிஸ்?"
கணக்குப் போட்டேன்.
காத்தான்குடிக்கு பஸ் காசு வராது.
"அப்ப நடந்துதான் போகணும்" என்றபடி
அடுத்த மூட்டையை அவிழ்த்தார்.

நேற்று மறுபடி சேறெடுக்கப் போனேன்.
இந்தமுறை சொன்னேன்
கொன்றது யாரென்று, இப்போது என்னிடம் என்ன வேலையென்று.
கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார் தங்கேஸ்வரன்.
காறித் துப்பினார், அதற்குள்ளேயே.
பிறகு சாரத்தை மடித்துக் கட்டி
மண்வெட்டியோடு கட்டில் ஏறினார்.
"குளத்துக்குள்ள அள்ளாதீங்க கா,
இஞ்ச மஞ்சளாக் கிடக்கிறதுதான் சரியான புளிப்பு.
நான் நாக்குல வச்சுப் பாத்திருக்கன்."